மெட்ராஸ் அண்ணாச்சி

தாமிரபரணியின் இரு கரைகளிலும், பாபநாசத்தில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரையில், ஊருக்கு ஒருவராவது இப்படி இருக்கிறார்: 35 வருஷம் சென்னையில் உத்தியோகம் பார்த்து, பென்ஷனோடு திரும்பி, பூர்விக வீட்டுக்கு ஓடு மாற்றி, திண்ணைக்குச் சிமெண்டு பூசி, வந்து அமர்ந்த மூன்றாம் மாதமே, "இந்த ஊரில் ஒரு மனுஷனுடைய காதுக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கத் தொடங்கியவர். பெற்றோர் இட்ட நாமதேயம் அவருக்கு ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊரார் வழங்குவது 'மெட்ராஸ் அண்ணாச்சி' என்றுதான். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வாய்த்தவரைச் சற்று வர்ணித்தால், மற்ற ஊர்க்காரர்கள் தத்தம் அண்ணாச்சியை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

பதினொரு மாதம் அவர் நம்மைப் போன்ற சாமானியர்தான். மூட்டுவலி, தென்னைக்கு வண்டு, கார் சாகுபடிக்கு அணைத் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்ற விசாரம், எல்லாம் உண்டு. மார்கழி பிறந்ததும் விரகதாபம் கண்டுவிடும். சென்னைச் சபாக்களின் நிகழ்ச்சி நிரல் பத்திரிகையில் வெளியாகும் அன்று, சிவப்பு மைப் பேனாவும் மூக்குக்கண்ணாடியுமாகத் திண்ணையில் உட்கார்ந்து வரிவரியாகக் கோடிழுத்துக்கொண்டு போகிறவர், திடீரென்று நெற்றியில் அடித்துக்கொள்வார். "பாத்தீரா வே இந்த அநியாயத்த! கதீட்ரல் ரோட்டுல நாலு மணிக்கு ஒண்ணு, தியாகராய நகர்ல நாலரைக்கு ஒண்ணு. ஒரு மனுஷன் எதுக்குவே போவான்?" அறுநூறு கிலோமீட்டருக்கு இப்பால், வைக்கோல் படப்புக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இந்தத் தர்மசங்கடம் எவ்வாறு சம்பவித்தது என்று நான் கேட்டதில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் தர்க்கம் பேசலாகாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு, பனையோலை விசிறியால் கொசுவை ஓட்டியவாறு கடிகாரத்தைப் பார்த்து, "இப்ப தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சிருப்பான்" என்பார். சொன்ன மாத்திரத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, காபி கேட்டு அடுக்களைப் பக்கம் எழுந்து போய்விடுவார். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கத் தொடங்கியதும் காண்டீனுக்குப் புறப்படுவது என்னும் நகர ரசிகர்களின் சம்பிரதாயம், மிருதங்கமே இல்லாத இடத்திலும் அவருடைய கால்களை எழுப்பிவிடுகிறது.

1927-ல் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது உடன் நடந்த சங்கீத மகாநாட்டின் பலனாக மறு வருஷம் மியூசிக் அகாடமி பிறந்த வரலாற்றை, பிரசவ அறை வாசலில் தாமே காத்து நின்றவர்போல் அவர் விஸ்தரிக்கக் கேட்டு மயங்கிய நான், ஒருநாள் அவருடைய பழைய பிஸ்கோத்து டப்பாவைத் திறந்து பார்க்கும் பாக்கியம் பெற்றேன். 35 வருஷத்துக் கச்சேரி டிக்கெட்டுகளின் கிழிந்த பாதிகள் அதில் இருந்தன. எண்ணினோம், பதினொன்று. அவற்றில் நாலு, மைத்துனர் கொடுத்த இலவச பாஸ். அண்ணாச்சி சிறிதும் கலங்கவில்லை. "டிசம்பர்ல மழை வே. ஆபீஸ் விட்டு வர ஏழு மணி ஆயிரும். ஆனா, போகணும்னு நெனச்சா போயிருக்கலாம்லா?" என்றார்.

அந்தக் கேள்வியில் அவருடைய வியாகூலம் முழுவதும் அடங்கியிருந்தது. கூப்பிடு தூரத்தில் மகா வித்வான் பாடிக்கொண்டிருக்க, தாம் வீட்டில் தோசை தின்றுகொண்டு, "இன்னைக்குப் போக முடியாமப் போச்சே" என்று அங்கலாய்ப்பதில் ஒரு கௌரவம் இருக்கிறது. அந்த வசதியை எங்கள் ஊரில் யார் செய்து கொடுப்பது?

'சபா இல்லாத ஊர்' என்று அவர் சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. நடராஜப் பெருமான் ஆடுவதற்கென்று தேர்ந்துகொண்ட சபைகள் ஐந்தில், நெல்லையப்பர் கோயில் தாமிர சபை ஒன்று, குற்றாலத்துச் சித்திர சபை ஒன்று என்று இரண்டை நம் பக்கத்திலேயே வைத்திருக்கிறாரே, சென்னைப் பட்டணத்துக்குள் ஒன்றுகூட வைக்கவில்லையே என்று ஒருமுறை வாதாடினேன். "அங்க காண்டீன் உண்டா?" என்று கேட்டுவிட்டார். மார்கழியிலேயே ஆழ்வார்திருநகரியில் அரையர் குல்லாய் தரித்து, கையில் தாளத்தோடு பாசுரத்தைப் பாடி அபிநயிக்கும் சேவை நடக்கிறது, இன்றைக்கு அந்தக் கலை எஞ்சியிருப்பதே மிகச் சில தலங்களில்தான், பஸ்ஸில் போய் வருவோம் என்று அழைத்தேன். "நாம சைவம்லா" என்று ஒதுங்கினார். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபாவுக்கு அவர் போன இரண்டு தடவையும் அந்தச் சைவம் குறுக்கிட்டதாகத் தெரியவில்லை.

காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தை, 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யின் இசைத்தட்டு வழியாகப் பட்டணத்தில் கேட்டு உருகியவர் அண்ணாச்சி. காருகுறிச்சி என்பது சேரன்மகாதேவிக்கு அடுத்த ரயில் நிலையம் என்பதையும், தாம் சிறுவயதில் மண்பானை வாங்க மாட்டுவண்டியில் போன அதே ஊர் என்பதையும் அவர் சேர்த்து நினைத்துப் பார்த்தது சென்னையில்தானாம்.

ரசிகமணி டி. கே. சி.யும் சென்னையில் உத்தியோகம் பார்த்தவர்தாமே, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வட்டத்தொட்டி என்னும் இலக்கியக் கூட்டம் கூட்டிய அவர் பிற்பாடு குற்றாலத்தில் போய் அமர்ந்ததும், கம்பனைக் கேட்க ராஜாஜியும் கல்கியும் அல்லவா பட்டணத்திலிருந்து தேடி வந்தார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அண்ணாச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி, "அவாள் டி. கே. சி. வே. நான் பென்ஷன்காரன்" என்றார். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

சென்ற ஆடியில் சுடலைமாடன் கோயில் கொடை வந்தது. குழல் ஒலிபெருக்கியை, அண்ணாச்சி வீட்டு ஜன்னலையே பார்க்கும்படி வேப்பமரத்தில் கட்டிவிட்டார்கள். வரிக்காரப் பையன் தாம்பூலம் வைத்து, "இன்னைக்கு ராத்திரி வில்லு இருக்கு, பெரியப்பா. வந்திரணும்" என்று அழைத்தான். எத்தனை மணிக்குத் தொடக்கம், நாற்காலி உண்டா, எத்தனை மணிக்கு முடியும் என்று அண்ணாச்சி விசாரித்தார். "சாமக்கொடை முடியணும்லா பெரியப்பா, விடிஞ்சிரும்" என்றான் பையன். "இதுக்குப் பேரு கலையால? தூங்கவிடாமப் பண்ணுதது!" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இரவு இரண்டு மணி இருக்கும். வில்லில் கட்டிய மணிகள் வீசுகோலின் அடிக்குக் குலுங்க, உடுக்கை விம்ம, குடக்காரர் குடத்தின் வாயில் ஓங்கி அறைந்து தாளத்தை இரட்டிக்க, சாமியாடும் கோமரத்தாடி எழுந்துவிட்ட அந்த வேளையில், பந்தலின் கடைசிக் காலில் சாய்ந்தவாறு தலையில் மப்ளர் சுற்றிய ஓர் உருவத்தைக் கண்டேன். என்னைப் பார்த்ததும், ஒலிபெருக்கியைக் குறைக்கச் சொல்ல வந்ததாக அது தெரிவித்தது. ஒருமணி நேரம் கழித்துப் பார்த்தபோதும் குறைக்கச் சொல்லவில்லை. சைக்கிள்காரனிடம் சுக்குக்காபி வாங்கி ஆற்றிக்கொண்டிருந்தது. குடம் தனித்து முழங்கியபோதும் எழுந்து போகவில்லை.

காலையில் படித்துறைக்குப் போனேன். அண்ணாச்சி முன்பே வந்து, இடுப்பளவு தண்ணீரில் செக்கச் சிவந்த கண்களோடு நின்றிருந்தார். "ராத்திரி பூரா உறக்கம் இல்ல வே. மெட்ராஸ்ல இருந்தா இந்நேரம் எவ்வளவு கேட்டிருக்கலாம்! இந்த ஊர்ல என்ன இருக்கு, சொல்லும்" என்றார். அவருடைய வலக்கை விரல்கள் பித்தளைச் செம்பின் விளிம்பில், குடக்காரரின் அந்த இரட்டை அடியைத் தட்டிக்கொண்டிருந்தன.