ஓரம் போகாத பெரியவர்

காஞ்சிபுரம் – உத்திரமேரூர் சாலையில் ஓரிக்கைப் பக்கம் போனால் அவரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. மடித்துக் கட்டிய வேட்டி, சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒயர்கூடை, கேரியரில் முதலாளியிடம் சேர்க்கவேண்டிய பட்டுப்புடவை. மழைக்காலத்தில் புடவைக்குப் பாலிதீன் உறை உண்டு. அவருக்குக் கிடையாது.

பின்னால் ஜல்லி ஏற்றிய டாரஸ் லாரி ஏர் ஹாரனை அலறவிடும். தெருநாய்கள்கூட ஒதுங்கிவிடும். பெரியவர் அசையமாட்டார்.

"யோவ் பெருசு, ஓரமா போயேன்!" என்று கிளீனர் தலையை நீட்டுவான்.

"ஓரத்துல ரோடு எங்கடா இருக்கு? போட்டுக் குடு, போறேன்."

ஆழ்வார் சொன்னதும் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு காஞ்சியை விட்டுக் கிளம்பிய பெருமாள், ஓர் இரவு தங்கிய ஊர் ஓரிக்கை என்பது தலபுராணம். அதனால்தான் அவருக்குச் சொன்ன வண்ணம் செய்த பெருமாள் என்று பெயர். சொன்னதைக் கேட்கும் குணத்தையும் மறுநாள் காலை அவரே கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார் போலிருக்கிறது.

ஆனால், ஓரம் போகாத இந்த ஒரு விஷயத்தில் பெரியவர் கட்சிதான் நான். தார் முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் பள்ளம். அதற்குமேல் லாரி சிந்திய எம்-சாண்ட். அங்கே சக்கரம் வழுக்கினால் ஆள் விழுவது லாரிப் பக்கம்தான். இங்கிலாந்தில் 2022-ல் சாலை விதிகளைத் திருத்தியபோது, சைக்கிளில் போகிறவர் ஓரத்தை விட்டு அரை மீட்டராவது தள்ளிப் போகவேண்டும் என்று எழுதினார்கள். பெரியவர் அதைப் படித்ததில்லை. அவர்களும் இவரைக் கலந்தாலோசிக்கவில்லை.

மற்ற விஷயங்களில் அவரைக் காப்பாற்ற என்னால் ஆகாது. மிதிக்கக் கனமாக இருக்கிறதென்று டைனமோவைக் கழற்றி எடைக்குப் போட்டாயிற்று. "எதிர்ல வர்றவன் லைட்டு இருக்குதே, அது போதும்." பின் மட்கார்டில் கம்பெனிக்காரன் அடித்த வெள்ளையின்மேல், கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயின்ட். சிவப்பு ரிஃப்ளெக்டர் பேரனின் விளையாட்டுச் சாமான்களோடு இருக்கிறது. வலதுபுறம் திரும்பி முடித்த பிறகு கை காட்டுவார். ஏன் என்றால், "திரும்பிட்டேன்னு தெரிய வேணாமா?"

வயிற்றைக் கலக்குவது இன்னொன்று. திருப்பத்தில் லாரி நின்றால், அதற்கும் டீக்கடைக்கும் நடுவே இடப்பக்கமாகப் புகுந்துவிடுவார். டிரைவர் இருக்கையிலிருந்து அந்தப் பக்கத்துச் சக்கரத்தோரம் தெரியாது. லாரி இடதுபுறம் ஒடிந்தால் பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்வாங்கித்தான் வரும். நடுரோட்டில் யாருக்கும் வழிவிடாத மனிதர் அங்கே ஏன் நுழைகிறார் என்று கேட்டால் பதில் தயார்: "ஓரமா போன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அந்த வழியாக வண்டி ஓட்டுகிறவர்களே, ஹாரனை விடுங்கள்; ஒன்றரை மீட்டர் இடம் விட்டுத் தாண்டுங்கள். புடவை வாங்கும் முதலாளிமார்களே, கூலி கொடுக்கிற அன்று ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் வாங்கி வையுங்கள். கையில் கொடுத்தால் ஒட்டமாட்டார். அவர் உள்ளே உட்கார்ந்து கணக்குப் பார்க்கும்போது, வெளியே நிற்கிற சைக்கிளில் நீங்களே ஒட்டிவிடுங்கள்.