குடவோலையில் வந்த குளிர்

சாலவாக்கத்துக்காரர்களுக்கு ஜனநாயகத்தைப் பற்றி வெளியூர்க்காரர் யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. பஸ் ஏறினால் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், கி.பி. 920ஐ ஒட்டி முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சபைக்கு ஆள் எடுக்கும் விதியெல்லாம் அதில் உண்டு. பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் தெரியாத சிறுபிள்ளையைவிட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு பனி பார்க்கப் போவது என்று முடிவானதும், எந்த மலைக்கு என்பதைக் குடவோலை முறையிலேயே தீர்த்துக்கொள்ளலாம் என்றார் மாமா. கல்வெட்டை அவர் முழுதாகப் படித்ததில்லை என்பது பிறகு தெரிந்தது.

பித்தளைக் குடம் வந்தது. ஓலைக்குப் பதில் என் மகனின் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள். ஆளுக்கு ஒரு சீட்டு. யூ.கே.ஜி. படிக்கும் என் சின்னவள் கையை விட்டு எடுத்தாள். ‘மணாலி’ என்று வந்தது. மாமாவின் கையெழுத்து.

“செல்லாது” என்றாள் அத்தை. மாமா எழுதிய சீட்டை அத்தை ஏற்றுக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை என்றாலும், இம்முறை அவளிடம் சட்டம் இருந்தது. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் குடத்துக்குப் பக்கத்திலேயே வரக் கூடாது என்கிறது கல்வெட்டு. திருப்பதி போனபோது எல்லோரிடமும் பணம் வசூலித்த மாமா அதற்கு இன்றுவரை கணக்குக் காட்டவில்லை. மாமா வாயடைத்துப்போனார். ஆனால் என் மகன் விடவில்லை. கணக்குக் காட்டாதவனோடு அவனுடைய அண்ணன் தம்பி, மாமனார், மைத்துனன், மருமகன், அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை எல்லோருக்கும் சேர்த்தே அந்தக் கல் தடை போடுகிறதாம். அப்படிப் பார்த்தால் வீட்டில் தகுதியோடு மிஞ்சியவர் வேன் டிரைவர் மட்டும்தான். ஆயா கேட்டாள், “என்னுது?” கல்வெட்டுப்படி வயது வரம்பு 35லிருந்து 70. ஆயா எந்த வழியில் பார்த்தாலும் அவுட்.

கடைசியில் டிரைவர் தம்பியிடம் கேட்டோம். மணாலி 2,500 கிலோமீட்டருக்கு மேல் என்றதும் அவர் வண்டிச் சாவியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். ரோதாங் மலைக்கு அடியில் 9 கிலோமீட்டர் நீளத்துக்கு அடல் சுரங்கப் பாதை இருக்கிறது, 2020லேயே திறந்துவிட்டார்கள், பனிக்காலத்திலும் போகலாம் என்று மாமா சொல்லிப் பார்த்தார். “சுரங்கம் நல்லாத்தான் இருக்கும் மாமா. அதுவரைக்கும் போவணுமே” என்றார் தம்பி. ஊட்டி என்று தீர்ப்பானது.

“ஊட்டியில ஸ்னோ விழாது. ஃப்ராஸ்ட்தான்” என்று முகத்தைத் தொங்கப்போட்டான் மகன். நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் நிஜப் பனி நிற்க வேண்டுமானால் கிளிமஞ்சாரோ போல 5,895 மீட்டர் வேண்டும். நம் தொட்டபெட்டா 2,637தான், பாதிகூட இல்லை என்று விளக்கினான். அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டாள்: “வெள்ளையா இருக்குமா, இருக்காதா?”

“இருக்கும்.”

“அது போதும்.”

அத்தை நாளிதழ் படிப்பவள். டிசம்பர் பிறந்தால் ஊட்டியில் வெள்ளைக் கம்பளம் விரித்தாற்போல் உறைபனி என்று முதல் பக்கத்தில் படம் வந்துவிடும். எனக்கு விவரம் தெரிந்த நாளாக அதே கம்பளத்தைத்தான் விரிக்கிறார்கள்.

வர மறுத்தவர் என்று பார்த்தால் சித்தப்பா ஒருவர்தான். சம்பா கதிர் முற்றுகிற நேரம். ஏரித் தண்ணீருக்கு முறை வேறு. “இன்னாத்துக்குடா பனி? மார்கழியில நம்ம கயனியில இல்லாத பனியா?” என்றார். ஆயா வருவதானால் வருவேன் என்று சொல்லி வைத்தார், ஆயா வரமாட்டாள் என்ற தைரியத்தில். ஆயா அன்று சாயங்காலமே மஞ்சள் பையில் வெற்றிலைப்பெட்டியை எடுத்து வைத்துவிட்டாள்.

புறப்பாடு ராத்திரி. உத்திரமேரூர், வந்தவாசி, திருவண்ணாமலை, செங்கம் என்று போய் சேலத்தைத் தொடும்போது விடியப்போகிறது. அத்தை மந்தாரை இலை வைத்து மூங்கில் குடலையில் வேகவைத்த காஞ்சிபுரம் இட்லி கொண்டுவந்திருந்தாள். மிளகும் சுக்கும் சீரகமும் போட்டது, குளிருக்கு நல்லது. சங்ககிரி வருவதற்குள் குடலை காலி. குளிர் இன்னும் வரவில்லை.

ஒருகாலத்தில் சென்னை மாகாண அரசே கோடை வந்தால் ஃபைலும் குமாஸ்தாவுமாக ஊட்டிக்குக் குடிபெயர்ந்துவிடும். அவர்களை யாரும் இ-பாஸ் கேட்கவில்லை. எங்களைக் கேட்டார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குப் போகும் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். போனில் என் மகன் முன்பே எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தோம். தப்பிக்காதது தண்ணீர் பாட்டில்கள். பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அந்த மாவட்டத்தில் இடமில்லை. மாமா பெட்டியோடு வாங்கி அடுக்கியிருந்ததை எல்லாம் சோதனைச் சாவடியில் இறக்கிவைத்தார்கள். ஆயாவின் பித்தளைச் சொம்பு மட்டும் மேலே போக அனுமதி பெற்றது. அதன்பிறகு குன்னூர் வரைக்கும் யாருக்குத் தாகம் எடுத்தாலும் ஆயாவின் தயவு வேண்டியிருந்தது. அவளும் ஆளைப் பார்த்துத்தான் ஊற்றினாள்.

கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள். பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கிறது. அது பெரிய கொடுமை. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பவனுக்கு இன்னும் எத்தனை பாக்கி என்று தெரியக் கூடாது. ஆளுக்கொரு எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு மௌனமாக ஏறினோம். பக்கத்துப் பள்ளத்தாக்கில் 1899லிருந்து குன்னூருக்கு ஏறிக்கொண்டிருக்கும் மலை ரயில் பல்சக்கரத்தைக் கவ்விக் கவ்வி நிதானமாகப் போகும். அதில் போயிருக்கலாம் என்று மாமா ஒன்பதாவது வளைவில் சொன்னார். பதில் சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

ஊட்டியில் இறங்கியதும் செய்த முதல் காரியம் ஸ்வெட்டர் வாங்கியது. தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர் கடைத்தெரு இருக்கிறது. 1959க்குப் பிறகு இமயத்தைத் தாண்டி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கடை போட்டிருக்கிறார்கள். அத்தை ஒரு குல்லாவுக்கு அரைமணி நேரம் பேரம் பேசினாள். முடிவில், “ஏம்மா, இங்க பனி எங்க நல்லா விழும்?” என்று கேட்டாள். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பாட்டன் காலத்தில் பனிமலையை நடந்தே கடந்த குடும்பம். அதனிடம் போய் உத்திரமேரூர் தாலுகாக்காரி பனிக்கு விலாசம் கேட்கிறாள். ஆனாலும் நல்ல தமிழில் சொன்னாள்: “தலைகுந்தா போங்கக்கா. ஆறு மணிக்கு முன்னாடி.”

ஆறு மணிக்கு முன்னாடி. எங்கள் பயணத்தின் முதுகெலும்பு அங்கேதான் முறிந்தது. உறைபனிக்குச் சில நிபந்தனைகள் உண்டு. வானத்தில் மேகம் கூடாது, காற்று அசையக் கூடாது. அப்போதுதான் பகலில் வாங்கிய சூட்டைத் தரை ராத்திரி முழுக்க ஆகாயத்துக்கு விட்டுவிட்டுத் தான் விறைத்துப்போகும். கனத்த குளிர்காற்று தண்ணீரைப் போலவே சரிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டில் இருக்கும் ஓட்டலில் இரண்டு மூன்று டிகிரி இருந்தால், பள்ளத்துப் புல்லில் மைனஸுக்குப் போய்விடும். ஈரம் புல்லின் மேல் வெள்ளையாகப் படியும். வெயில் ஏறிய கொஞ்ச நேரத்தில் எல்லாம் தண்ணீர். ஆக, இரவெல்லாம் விழித்திருப்பவனுக்கும் விடியலில் எழுபவனுக்கும்தான் அது. விடுமுறைக்கு வந்தவனோ ஒன்பது மணிக்குப் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணைத் திறந்து, காபி வந்ததா என்று பார்க்கிறவன்.

முதல் நாள் காலையில் மேகம். சித்தப்பா ஊருக்குப் போன் போட்டார். அங்கே தூறலாம். வங்கக் கடலில் ஏதோ ஒரு தாழ்வு, சாலவாக்கத்தில் எங்கள் கதிரையும் ஊட்டியில் எங்கள் பனியையும் ஒரே கல்லில் அடித்துவிட்டது. சித்தப்பாவின் முகம் அன்று முழுக்கக் கதிர் முகமாகவே இருந்தது. பூங்காவுக்குக் கூட்டிப்போனோம். 1848ல் தொடங்கியது, மெக்ஐவர் என்பவர் அமைத்தது என்று மகன் சொல்லிக்கொண்டு வந்தான். சித்தப்பாவோ பூச்செடிகளின் மேல் பனிக்காக மூடி வைத்திருந்த மிலார் குச்சிகளையே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். “நம்ம நாத்தங்காலுக்கு வைக்கோல் போடற மாதிரி” என்று ஒரே ஒரு வார்த்தை.

அடுத்த நாள் விடியலில் ஓட்டல் வாசலில் ஒரே சத்தம். ஆயா. மார்கழியில் நாலரைக்குக் கோலம் போட எழுந்த உடம்பு, ஊட்டிக்கு வந்தாலும் நாலரைக்குத்தான் எழும். செருப்பு இல்லாமல் வெளியே போயிருக்கிறாள். புல், வேலி, செடி, வேன் கண்ணாடி எல்லாம் வெளேரென்று இருக்கின்றன. எங்கள் பக்கம் மதூர், சிறுதாமூர் வழியாக ஜல்லி லாரிகள் ஓடி ஓடி, சாலையோரப் புளியமரம் வருடம் பூராவும் வெள்ளையாகத்தான் நிற்கும். ஆயா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினாள்: “அட பாவிங்களா, இங்கயும் கிரஷர் போட்டுட்டானுங்களாடா!”

அந்தக் குரலுக்குத்தான் குடும்பம் எழுந்தது. அலாரம் வைத்த மூன்று போன்களாலும் முடியாத காரியம். டிரைவர் தம்பி கண்ணாடியில் ஊற்ற ஒரு பக்கெட் வெந்நீர் கொண்டுவந்துவிட்டார். கண்ணாடி விரிசல் விட்டுவிடும் என்று ஓட்டல் காவலாளி ஓடிவந்து தடுத்தார். பழைய ஏ.டி.எம். கார்டால் சுரண்டினார்கள். மாமாவின் கார்டு. அந்தக் கார்டு உருப்படியாக ஒரு வேலைக்கு ஆனதே அன்றைக்குத்தான் என்றாள் அத்தை.

தலைகுந்தாவுக்குப் போகிற அவசரத்தில், சித்தப்பா வண்டியில் இல்லை என்பதை வழியில்தான் கவனித்தோம். ஓட்டலுக்குக் கீழே பள்ளத்தில் ஒரு உருளைக்கிழங்குத் தோட்டம். திரும்பி வந்து பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் துண்டு, அத்தை வாங்கிக்கொடுத்த குல்லாவைக் காணோம், கையில் தண்ணீர்க் குழாய். தோட்டக்காரரும் இவருமாகச் செடிகளின் மேல் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வெயில் சுள்ளென்று படுவதற்குள் பனியைக் கழுவி இறக்கிவிட வேண்டுமாம். இல்லையென்றால் நெருப்பில் வாட்டியதுபோல் இலை கருகிவிடும். தேயிலைக்கும் அதே கதி. கொழுந்து கருகினால் மறுபடி துளிர்க்க நாளாகும், அதுவரை பறிக்கிறவர்களுக்கும் வேலை குறையும்.

“அண்ணே, போன வருசம் பாதி போச்சு” என்றார் தோட்டக்காரர்.

“எங்களுக்கு மழையில போவுது, ஒங்களுக்குப் பனியில போவுது” என்றார் சித்தப்பா, குழாயை விடாமல்.

நாங்கள் வேலி ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். வரப்பில் இன்னும் வெள்ளை மிச்சமிருந்தது. அதற்கு நடுவில் நின்று செல்ஃபி எடுக்க மாமா போனைத் தூக்கினார். சித்தப்பா ஒரு பார்வை பார்த்தார். மாமா போனைக் காதில் வைத்துக்கொண்டு “ஹலோ, ஹலோ” என்று யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டார்.

சித்தப்பாவைத் தோட்டத்திலேயே விட்டுவிட்டுத் தலைகுந்தா போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. புல்வெளி பச்சைப்பசேலென்று, நன்றாக நனைந்து கிடந்தது. எங்களைப் போலவே தாமதமாக வந்த குடும்பங்கள் வரிசையாக நின்று, இல்லாத பனியைப் பின்னணியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. ஒரு தொலைக்காட்சிக்காரர் மைக்கோடு அலைந்தார். மாமா தானாகவே முன்னால் போய் நின்று, விடியற்காலை நாலு மணியிலிருந்து இந்த மினி காஷ்மீரில் நிற்பதாகவும், இயற்கை அன்னையின் கொடை என்றும் சரளமாகப் பேசினார். நடுங்கியும் காட்டினார்.

ஊர் திரும்பிய பிறகு செய்தி வந்தது. மாமாவைக் காணோம். வெட்டிவிட்டார்கள். அதற்குப் பதில், நாங்கள் கிளம்பிப் போன பிறகு அந்த ஆட்கள் உருளைத் தோட்டத்துக்கும் வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. சேற்றுக் காலும் ஈர வேட்டியுமாகச் சித்தப்பா, திரை நிறைய. கீழே ‘பாதிக்கப்பட்ட உதகை விவசாயி’ என்று எழுத்து ஓடுகிறது. “இன்னாத்த பண்றது? பனி பேஞ்சா செடி கருவிக்கினு போவுது. எல்லாரும் வந்து போட்டோ புடிச்சிக்கினு போறாங்கோ. கவுருமெண்டுதான் பாத்து ஏதானா செய்யணும்” என்று அசல் சாலவாக்கம் பாஷையில் நீலகிரிக்கு நிவாரணம் கேட்கிறார்.

சித்தப்பா டி.வி.யைப் பார்க்கக்கூட இல்லை. தூறலில் சாய்ந்த கதிரை நிமிர்த்திக் கட்டப் போய்விட்டார். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் ஊர் பூராவும் சேதி பரவிவிட்டது. டீக்கடையில் என்னைத் தனியாக ஓரம் கட்டி, குரலைத் தாழ்த்தி ஒருவர் கேட்டார்: “சித்தப்பா ஊட்டியில எத்தினி காணி வாங்கியிருக்காரு?”