புல்மோட்டை மணலும் புகைக்குழாயும்

புல்மோட்டைக் கரையில் இத்தனை மணல் கிடக்க, காருக்கு டைட்டேனியம் சைலன்சரை வெளிநாட்டிலிருந்து வாங்குவானேன்?
– வாசகர், திருகோணமலை

மணலைக் கயிறாகத் திரிப்பதே பெரும்பாடு, குழாயாகத் திரிப்பதென்றால்? அக்கரையில் கருமையாகப் படியும் இல்மனைட் என்பது இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனோடு பிணைந்த கனிமம். அதிலிருந்து இரும்பை நீக்கி, எஞ்சியதைக் குளோரினோடு சேர்த்துத் திரவமாக்கி, உருகிய மக்னீசியத்தால் அக்குளோரினைப் பிரித்துக் கடற்பஞ்சு போன்ற உலோகக் கட்டியாக்கும் குரோல் முறைக்குச் செலவு மிகுதி என்பதால், இலங்கை அதனை மணலாகவே கப்பலேற்றுகிறது. உலகில் தோண்டப்படும் டைட்டேனியக் கனிமத்தின் பெரும்பகுதி உலோகமாவதே இல்லை. வெள்ளை நிறமியாகிப் பெயின்டிலும் பற்பசையிலும் சேர்கிறது. ஆகவே புல்மோட்டை மணல் கேட்டவரின் காரில் வெள்ளைப் பூச்சாக ஏற்கெனவே ஏறியிருக்கவும் கூடும்.

எடை குறைய வேண்டுமானால் மலிவான அலுமினியம் போதாதா?
– வாசகர், மூதூர்

தாராளமாகப் போதும், எஞ்சினை இயக்காதவரை. தூய அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகிவிடும்; எஞ்சின் வாயிலில் வெளியேறும் புகையின் வெப்பம், வண்டி விரையும்போது, அந்த அளவை எளிதில் தாண்டும். டைட்டேனியம் உருக 1,668 பாகை வேண்டும், எஃகை விட அதன் அடர்த்தியும் ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைவு. எனினும் 2001இல் செவ்ரோலே கார்வெட் இசட்06 காருக்கு அவ்வுலோகச் சைலன்சர் பொருத்தப்பட்டபோது குறைந்த எடை ஏறத்தாழ 8 கிலோ மட்டுமே. ஓட்டுநர் சில மாதம் இரவுப் புட்டைக் குறைத்தாலும் அது கைகூடும். உப்புக்காற்று இரும்பை அரிக்கும் துறைமுகப் பகுதியில், அன்றாடக் காருக்குத் துருப்பிடிக்காத எஃகே தக்கது.