கடிக்குமா?

காரைக்கால் கடற்கரைச் சாலையில் காலையில் நடப்பவர்களுக்குள் ரகசியம் கிடையாது. யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, யார் மகனுக்குப் பிரான்சில் பேப்பர் கிடைத்துவிட்டது என்பதெல்லாம் கைவீசும் வேகத்திலேயே பரிமாறப்பட்டுவிடும். அங்கே ஒருவன் நடக்காமல் எருக்கஞ்செடி முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்தால் சும்மா விடுவார்களா? முதல் கேள்வி, "என்ன தொலைச்சீங்க?" பூச்சியைப் படம் எடுக்கிறேன் என்றால் அடுத்த கேள்வி, "கடிக்குமா?"

கடிக்காது என்று சொன்னதும் முகத்தில் ஓர் ஏமாற்றம் வரும் பாருங்கள். கடிக்கக்கூடத் துப்பில்லாத பூச்சிக்காகவா இந்த மனுஷன் பேன்ட்டை அழுக்காக்கிக்கொள்கிறான்?

எருக்கு வெட்டுக்கிளி மஞ்சளும் நீலமுமாக வரிபோட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குக் கிளம்பியதுபோல் இருக்கும். நாம் இந்தப் பக்கம் போனால் அது தண்டுக்கு அந்தப் பக்கம் நகரும். அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம். போதாததற்குக் கடற்காற்று. கைப்பேசியில் மாட்டிய லென்ஸைப் பூச்சிக்கு விரற்கடை தூரத்தில் கொண்டுபோய் மூச்சை அடக்கும் அந்த நொடிக்காகவே வங்காள விரிகுடா காத்திருந்து செடியை உலுக்கும். என் படங்களில் எருக்கிலையின் நரம்புகள் மிகத் துல்லியமாக விழுந்திருக்கின்றன.

ஆகவே தரையில் நடக்கும் பூச்சிதான் உத்தமம். பூவரசு மரத்தடியில் உதிர்ந்த காய்களைச் சுற்றி ஒரு சிவப்புக் கூட்டம் எப்போதும் இருக்கும். ரத்தச் சிவப்பு உடம்பு, கழுத்தில் வெள்ளைப் பட்டி, இரண்டு இறக்கையிலும் ஆளுக்கொரு கறுப்புப் பொட்டு, திருப்பிப் போட்டால் வயிற்றில் வெள்ளை வளையங்கள். பருத்திக்காரருக்கு இது ஜென்ம விரோதி. ஜோடி சேர்ந்துவிட்டால் பின்பக்கம் ஒட்டியபடியே மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் திரியும். பெரிய உடம்புக்காரி பெண், அவள் போன திசையில் குடும்பம் போகும். ஆண் பின்னாலேயே நடந்து வரவேண்டியதுதான். இதைக் காட்டியபோது வாக்கிங் வந்த ஓர் அக்கா, பக்கத்தில் நின்ற தன் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தார்.

ஒரு செயலி அந்தப் பூச்சிக்கு டிஸ்டெர்கஸ் கோனிகி என்று பெயர் சொன்னது. யார் அந்தக் கோனிக் என்று தேடப்போனால், ஆள் பக்கத்து ஊர்க்காரர்! 1768-ல், டேனிஷ்காரர்கள் கையிலிருந்த தரங்கம்பாடிக்கு மிஷன் மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக், இயற்கையியலாளர் லின்னேயஸின் மாணவர். நம் பக்கத்துச் செடி, பூச்சி எல்லாவற்றையும் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பியவர். லின்னேயஸின் இன்னொரு மாணவரான ஃபாப்ரிசியஸ் 1775-ல் இந்தச் சிவப்புப் பூச்சிக்கு அவர் பெயரை வைத்தார். குருநாதர் தன் பங்குக்குக் கறிவேப்பிலைக்கும் அதே பெயரை வைத்தார். 1779-ல் கோனிக் கறையானைப் பற்றியும் எழுதினார். ஈசலைப் பிடித்துத் தின்னும் நம் வழக்கத்தையும் விடவில்லை.

இதைக் கேட்ட சொல்தா மாமாவுக்கு மனசு ஆறவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். "கறிவேப்பிலை டேனிஷ்காரன் ஊரு கணக்குலயா போச்சு? நம்மாளு ஒருத்தரும் இல்லியா தம்பி?"

இருக்கிறார் என்று பிரெஞ்சுக்காரரான ஃபாப்ரைச் சொன்னேன். ழான் ஆன்றி ஃபாப்ர், 1879 முதல் 1907 வரை பூச்சிகளைப் பற்றிப் பத்துத் தொகுதி எழுதியவர். ஒருமுறை குளவிக்காகக் காலையில் ஒரு கல்மேல் உட்கார்ந்தாராம். திராட்சை பறிக்கப் போன பெண்கள் சாயங்காலம் திரும்பும்போதும் அதே கல்லில் இருந்தாராம். பாவம், சித்தம் கலங்கியவர் என்று சிலுவை போட்டுக்கொண்டு போனார்களாம். மாமா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நம்மூருலயும் அதான் பேசிக்கிறாங்க" என்றார். ஃபாப்ர் காரைக்கால் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

நெடுங்காட்டில் நிலம் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் மட்டும் "கடிக்குமா" கேட்கமாட்டார். என் படங்களைச் சர்சர்ரென்று தள்ளிக்கொண்டே போவார். தட்டான், பட்டாம்பூச்சி எதிலும் விரல் நிற்காது. காற்றில் ஆடிப்போன ஒரு மங்கல் படத்தில் நின்றது. "இலைச்சுருட்டு. எந்த வயல்ல எடுத்தீங்க?" செயலி அந்தப் படத்துக்கு 'பூச்சி' என்பதற்குமேல் வாய் திறக்கவில்லை. புகையான், ஆனைக்கொம்பன், குருத்துப்பூச்சி எல்லாவற்றையும் அவர் இப்படித்தான் தெரிந்துவைத்திருக்கிறார், கடன்காரனைத் தெரிந்துவைத்திருக்கிற மாதிரி. எந்த வருஷம் எவ்வளவு என்பது உட்பட.

மழைக்கு முன்னால் அரசலாற்று முகத்தில் மஞ்சள் தட்டான்கள் கூட்டமாக வரும். உட்காரவே உட்காராது, படம் எடுப்பது பகல் கனவு. அக்டோபரில் இதே தட்டான் மாலத்தீவில் கும்பல் கும்பலாக இறங்குகிறது. முட்டையிடக் குளம் குட்டை அதிகமில்லாத தீவுக்கு இது ஏன் வருகிறது என்று அங்கிருந்த சார்ல்ஸ் ஆண்டர்சன் என்ற கடல் ஆய்வாளர் துருவினார். இந்தியாவிலிருந்து காற்றில் ஏறிக் கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை போகிறது, மாலத்தீவு வழியில் வரும் நிறுத்தம்தான் என்று 2009-ல் எழுதினார்.

சொல்தா மாமா அண்ணாந்து பார்த்தார். "விசா?"

"கேக்க ஆள் இல்ல மாமா. உலகம் பூரா இருக்கு. ஐரோப்பாவுலதான் அபூர்வம்."

"அப்ப பிரான்சுக்கு?"

"அங்க போறதில்ல."

மாமா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "பேப்பர் சரியா இருந்திருக்காது."