பேங்க் பெரியப்பா

பீடோங்கிலோ லூனாசிலோ பிள்ளைக்கு முதல் வேலை கிடைத்துவிட்டால் வீட்டார் நேரே பேங்க்குக்குப் போவதில்லை. பேங்க் பெரியப்பாவைத் தேடிப் போவார்கள். ஊருக்கு ஒருவர் இருப்பார். முன்னாள் தோட்டத்துக் கிராணி. நடப்புக் கணக்கு திறக்க ஏற்கெனவே கணக்குள்ளவர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போடவேண்டியிருந்த காலத்தில், பாதித் தோட்டத்துக்கு அந்தக் கையெழுத்து இவருடையது. இப்போது யாரும் கேட்பதில்லை. ஆனாலும் சட்டைப்பையில் பேனா தயாராக இருக்கிறது.

தே தாரிக் வரும்வரை வாய் திறக்கமாட்டார். வந்ததும் 1974-இலிருந்து ஆரம்பிப்பார். "பிஎஸ்என் எப்ப வந்துச்சு தெரியுமா? அதுக்கு முன்னாடி போஸ்டாபீஸ் புத்தகம்தான்." அடுத்தது காப்புறுதி: "பேங்க் கவுந்தாலும் கவலையில்ல. ஒரு ஆளுக்கு, ஒரு பேங்க்குல 250,000 வெள்ளி வரைக்கும் பிஐடிஎம் குடுத்துரும்." 1,700 வெள்ளிச் சம்பளக்காரன் அன்றிரவு நிம்மதியாகத் தூங்குவான்.

"வேற பேங்க் மெஷின்ல எடுத்தா ஒரு வெள்ளி போயிரும்" என்பார். அந்த ஒரு வெள்ளியை மிச்சப்படுத்த சுங்கைப்பட்டாணி வரை மோட்டார் ஓட்டிப் போகிறவர் அவர். பெட்ரோல் கணக்கை யாரும் கேட்பதில்லை. பெரியவரிடம் அப்படிக் கேட்பது மரியாதையா?

கெடாவில் பேங்க் வெள்ளி, சனி மூடியிருக்கும். அதற்கும் வழி வைத்திருக்கிறார். "வெள்ளிக்கிழமை அவசரமா? மூடா ஆத்தைத் தாண்டு, பினாங்குப் பக்கம் தொறந்திருக்கும். ஞாயித்துக்கிழமை அவங்க மூடுவாங்க, நாம தொறப்போம்." அந்த 'நாம'வைச் சொல்லும்போது, ஞாயிறு காலை கதவைத் திறக்கிற சாவி அவர் இடுப்பில் தொங்குவதுபோல் இருக்கும்.

இரண்டாவது தே தாரிக்கில் பையன் மெல்லச் சொல்வான்: "பெரியப்பா, கூலிம் ஃபேக்டரியில எந்த பேங்க்குன்னு அவங்களே சொல்லிட்டாங்க."

"அதைத்தானே நானும் சொல்ல வந்தேன்!"

ஆனால் போன வாரம் அவருக்கே சோதனை. தங்கை மகள் அதே மேசையில் உட்கார்ந்து, கைப்பேசியிலேயே ஜிஎக்ஸ் பேங்க் கணக்கைத் திறந்துவிட்டாள். கிளை கிடையாது, வரிசை எண் கிடையாது, அறிமுகமும் கிடையாது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பிஐடிஎம் இருக்கா?"

"இருக்கு மாமா."

"ம்... ஏர்கோன்?"

"கிளையே இல்லையே மாமா!"

"அப்ப கையெழுத்து எங்கம்மா போடறது?"

"முகத்தைக் காட்டினா போதும்."

"என் முகமா, உன் முகமா?" என்று கேட்டார், ஆவலோடு.