காதுக்கு எத்தனை மாத்திரை?

ஆறு மாதமாக வீட்டிலேயே ஜப்பானிய மொழி படிக்கிறேன். எழுத்து புரிகிறது, பேச்சு புரியவில்லையே?

கண்ணுக்கு ஆறு மாதம் கொடுத்தீர்கள். காதுக்கு எத்தனை நிமிடம் கொடுத்தீர்கள்?

ஒரு நிமிட உரையாடல் போதும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பிறகு பார்த்துக் கேளுங்கள். கடைசியில் பேசுபவரின் நிழலாகக் கூடவே சொல்லுங்கள். வாய் பழகிய சொல்லைக் காது எளிதில் தவறவிடாது.

தமிழ்க் காதுக்கு ஜப்பானிய ஒலி பிடிபடுமா?

குறிலும் நெடிலும் பழகிய காதாயிற்றே! 'ஒபஸன்' அத்தை, ஒரு மாத்திரை கூடி 'ஒபாஸன்' ஆனால் பாட்டி! 'கிதெ' என்றால் 'வா'. 'கித்தெ' என்றால் தபால்தலை. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: நமக்கு ஒற்று அரை மாத்திரை, அவர்களுக்கு முழு மாத்திரை.

ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் மற்ற பகுதிகளில் வெளுத்து வாங்கினால் போதாதா?

போதாது. மொத்தம் 180 மதிப்பெண்ணில் கேட்டல் பகுதிக்கு 60. அதில் 19 எடுக்காவிட்டால், மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் தேர்ச்சி இல்லை.

தேர்வறையில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். வீட்டில் நூறு முறை ஓடவிட யார் தடுத்தார்கள்?