முலாமர் இலக்கணம்

பழைய மோட்டார் வாகனங்களை மீட்டெடுக்கும் ஆர்வலர்களை இரு பெரும் பிரிவுகளாக வகுக்கலாம்: ஓட்டுவதற்காக வண்டியைப் பழுதுபார்ப்போர் ஒரு பிரிவினர், வண்டியிலிருந்து கழற்றிய போல்ட்டுகளைப் பளபளப்பாக்குவதற்காகவே வண்டி வைத்திருப்போர் மற்றொரு பிரிவினர். இரண்டாம் பிரிவினருள், துருப்பிடித்த உதிரிப்பாகங்களுக்கு வீட்டிலேயே மின்னோட்டத்தின் துணையால் புதிய உலோகப் படலம் ஏற்றுபவர் இங்கு முலாமர் எனப்படுகிறார். இவரை ஆராய்வதற்குச் செஞ்சியைவிடப் பொருத்தமான ஊர் அமைவது கடினம். ஏனெனில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் மதிலால் வளைத்து நிற்கும் கோட்டையின் அடிவாரத்தில், பழையதைப் பழையதாகவே காக்க வேண்டும் என்னும் தொல்லியல் துறையின் கொள்கையும், பழையதைப் புதியதாக்கியே தீர வேண்டும் என்னும் முலாமரின் கொள்கையும் ஒரே ஊருக்குள் குடித்தனம் நடத்துகின்றன.

முலாமருக்கு ஏற்ற வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவமான இது, ஜொவான்னி மிக்கெலாட்டி என்னும் இத்தாலியக் கலைஞர் வகுத்த தோற்றத்துடன், சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் 1971 வரை உருவாகி வந்தது. பானெட்டும் முன்பக்க மட்கார்டுகளும் ஒரே கூடாக முன்னோக்கிச் சாய்ந்து திறப்பது இதன் தனிச்சிறப்பு. முலாமரின் கொல்லையில் அக்கூடு திறந்தபடியே இருப்பதால், அதன் பயனை எஞ்சினைவிட வீட்டுக் கோழிகளே மிகுதியாக அறிந்துள்ளன. வண்டியைக் காண வரும் விருந்தினரை முலாமர் கொல்லைக்கு அழைத்துச் செல்வதில்லை, சமையலறைக்கே அழைத்துச் செல்கிறார். வண்டியின் பெரும்பகுதி அங்குள்ள அலமாரியில், பெயர்ச்சீட்டு ஒட்டிய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் இருக்கிறது.

முலாம் பூசுதலின் பெரும்பகுதி, முலாம் பூசுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. துரு, எண்ணெய்ப்பசை, பழைய பெயின்ட் ஆகியவற்றுள் எது எஞ்சினாலும் புதிய படலம் ஒட்டாமல் உரிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு பாகமும் மண்ணெண்ணெயில் ஊறி, சலவைச் சோடா கலந்த வெந்நீரில் குளித்து, கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்க்கப்பட்டு, இறுதியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சிறிது நேரம் முக்கப்படுகிறது. அமிலம் உலோகத்தின் மேல் எஞ்சியுள்ள ஆக்சைடைக் கரைத்து இரும்பை வெறுமையாக்குகிறது. கழுவியெடுத்த பாகத்தின் மீது நீர் எங்கும் முறியாமல் ஒரே படலமாக நின்றால் அது தூய்மையடைந்தது என்றும், திட்டுத்திட்டாகப் பிரிந்தால் பசை இன்னும் போகவில்லை என்றும் கொள்வது இத்தொழிலின் சோதனை முறை. இவை அனைத்தையும் தம் கண்டுபிடிப்புகள் போல முலாமர் விளக்கி முடிக்கும்போது, வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கைப் புளியால் தேய்த்துப் பழகிய அவருடைய மனைவி, "ஏங்க, புளியில இருக்கறதும் அமிலந்தானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு பேச்சு?" என்று கேட்பதுண்டு. முலாமரின் அறிவியலில் விடையற்றதாக எஞ்சி நிற்கும் வினா இது ஒன்றே.

அடுத்து வருவது மின்பகுதிரவம், அதாவது முலாமாகப் படிய வேண்டிய உலோகத்தின் உப்பைக் கரைத்து வைத்த நீர். போல்ட்டு, நட்டு, பிராக்கெட்டுகளுக்கு உகந்தது துத்தநாகம். அதற்குரிய துத்தநாக சல்ஃபேட், நெல் விளையும் செஞ்சி வட்டாரத்தில் எந்த உரக்கடையிலும் கிடைக்கிறது. கடைக்காரர் "எத்தனை ஏக்கருங்க?" என்று கேட்கிறார், "நாப்பத்தெட்டு போல்ட்டுங்க" என்னும் விடையைக் கேட்டபின், பக்குவமறிந்த வணிகர் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. உரத்தரப் பொருளில் இரும்பு முதலான மாசுகள் கலந்திருக்கக்கூடும் என்பதால் படலம் மங்கினால், முலாமர் தம் செய்முறையை ஐயுறாமல் வேளாண்மையின் தரத்தையே ஐயுறுகிறார். திரவத்தின் அமிலத்தன்மை ஒரே நிலையில் நிற்பதற்குப் போரிக் அமிலம் தேவை. கேரம் பலகையில் தூவும் பவுடர் பெரும்பாலும் அதுவே என்று அறிந்த நாள்முதல் அவ்வீட்டுப் பிள்ளைகளின் காய்கள் நகர மறுக்கின்றன. நேர்மின்வாயாகத் தொங்கவிடத் துத்தநாகத் தகடு வேண்டும். பழைய டார்ச் செல்களின் மேற்கூடு அத்தகடாலானது என்பதால், அத்தெருவில் எந்த டார்ச்சும் தன் ஆயுளை முழுமையாக வாழ்ந்து முடிப்பதில்லை.

மின்னோட்டத்தின் அளவே முலாமரின் உண்மையான வழிபாட்டுப் பொருள். படியும் உலோகத்தின் எடை, பாய்ந்த மின்னோட்டத்தையும் நேரத்தையும் பொறுத்தது என்பதை மைக்கேல் பாரடே 1830களில் நிறுவினார். அவ்விதிப்படி, ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 1.22 கிராம் துத்தநாகத்தைப் படியவைக்கும். ஒரு சதுர டெசிமீட்டர் பரப்பின் மீது அது பரவினால் கிடைக்கும் தடிமன் சுமார் 17 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் பதினேழு பங்கு. மளிகைக் கணக்கைக் கூட்டத் தெரியாதவர் என்று வீட்டாரால் முடிவுகட்டப்பட்ட முலாமர், அறுகோண நட்டின் உள்மரையின் பரப்பளவை மனக்கணக்காகச் சொல்வது இவ்விதியின் விளைவே. மின்னோட்டம் மிகுந்தால் விளிம்புகள் கருகிச் சொரசொரப்பாகும். குறைந்தால் பள்ளங்களில் உலோகம் ஏறாது. ஆகவே மின்வாரியம் அறிவிக்கும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளை இவர் நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடுகிறார். அமாவாசைக்கும் வட்டம் உண்டு, மேல்மலையனூர் அங்காளம்மனைக் காணச் செல்லும் கூட்டத்தால் அன்று செஞ்சிச் சாலை நிரம்பிவிடும் என்பதால் வண்டியை வெளியே எடுக்க வேண்டியதில்லை என்னும் நிம்மதிக்காக. மற்ற நாள்களில் வண்டியை எடுக்காமைக்கு அவர் காரணம் கூறுவதில்லை.

முலாமருக்கும் எல்லைகள் உண்டு என்பதைக் கூறாதுவிடுவது நேர்மையாகாது. பம்பரின் பளபளப்புக்குக் காரணமான குரோமியம், நிக்கல் படலத்தின் மீது ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனில் ஏறும் மெல்லிய போர்வை மட்டுமே. அதை ஏற்றும் குரோமிக் அமிலத்தில் உள்ள ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை ஒன்றின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு குவிந்துகிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்ததை அறிந்தவர் என்பதால், முலாமர் பம்பரைச் சென்னைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, அது திரும்பி வரும்வரை மகளை மணமுடித்து அனுப்பிய தந்தையின் முகத்துடன் உலவுகிறார். பிரேக், ஸ்டீயரிங் சார்ந்த பாகங்களையும் அவர் தொடுவதில்லை. அமிலத்திலும் மின்தொட்டியிலும் பிறக்கும் ஹைட்ரஜன் வலுமிக்க எஃகினுள் புகுந்து, பார்வைக்கு நன்றாயிருக்கும் பாகத்தைப் பிறகொரு நாள் பளு தாங்காமல் முறியச் செய்யும். ஹைட்ரஜன் நொறுமை எனப்படும் இதைத் தவிர்க்க, முலாமிட்ட எஃகைச் சுமார் 200 பாகை வெப்பத்தில் பல மணி நேரம் வைத்திருக்க வேண்டும். கதவுக் கைப்பிடியின் சிறு ஸ்பிரிங்குகளுக்கு மட்டும் இச்சடங்கை மல்லாட்டை வறுக்கும் மணற்சட்டியில் இவர் நடத்துகிறார்; வறுபட்ட வாசனையை எதிர்பார்த்து வரும் பிள்ளைகள் ஸ்பிரிங்குகளைக் கண்டு திரும்புகின்றனர். ஐயம் எழுந்தால் முலாமர் மேற்கோள் காட்டுவது காரைக்குடியை: அழகப்பச் செட்டியார் நன்கொடையாக வழங்கிய 300 ஏக்கர் நிலத்தில், 1953 ஜனவரி 14 அன்று திறந்துவைக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்குள்ளது. அதன் வாசலை மிதித்திராதவர் எனினும், "காரைக்குடியிலேயே இப்படித்தான்" என்னும் அவருடைய வாக்கியத்தை மறுப்பார் செஞ்சியில் இல்லை.

கோட்டைக்குச் செல்லும்போதுதான் முலாமரின் இயல்பு முழுமையாக வெளிப்படுகிறது. ஜான் மார்ஷல் 1923இல் வெளியிட்ட பாதுகாப்புக் கையேடு, தொல்சின்னங்களைப் புதுப்பிப்பதன்று, உள்ளவாறே பேணுவதுதான் முதற்கடமை என வரையறுத்தது. அவ்வழியில் பேணப்பட்ட செஞ்சிக் கோட்டை, 2025இல் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகளுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பிற பார்வையாளர் ராஜகிரியின் உச்சியிலிருந்து காற்றையும் காட்சியையும் நுகர, முலாமர் அங்குள்ள பழைய பீரங்கியின் பரப்பைக் கண்ணால் அளந்து, சதுர டெசிமீட்டருக்கு ஒரு ஆம்பியர் வீதம் கணக்கிட்டு, செஞ்சித் துணைமின்நிலையம் தாங்குமா என்று சிந்திக்கிறார். 1690இல் தொடங்கி 1698 வரை நீண்ட மொகலாய முற்றுகையை வழிகாட்டி விவரிக்கும்போது, "எட்டு வருஷத்துல முடிஞ்சிடுச்சா!" என்று வியப்பவர் அவருடைய மனைவி மட்டுமே.

எனினும் முலாமரின் தேர்வில் ஒரு மறைபொருள் உள்ளது. நிக்கல் போன்ற முலாம்கள் இரும்பைப் போர்த்தி மட்டுமே காக்கும். ஒரு கீறல் விழுந்தால் அடியில் துரு பரவும். துத்தநாகமோ இரும்பைவிட எளிதில் அரிக்கப்படுவது என்பதால், கீறல் விழுந்த இடத்திலும் தான் முதலில் கரைந்து இரும்பைக் காக்கிறது. ஆயுத பூசையன்று சக்கரத்தின் அடியில் வைத்து நசுக்கும் எலுமிச்சையின் சாறு தெறித்தாலும் போதும், துத்தநாகம் சிறிதேனும் கரையும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையும் இன்னும் சிறிது உண்ணும். போதிய மழைகளுக்குப் பின் எல்லா நட்டுகளும் மீண்டும் தொட்டிக்கு வந்தாக வேண்டும். இதை நன்கறிந்தே முலாமர் துத்தநாகத்தைக் கைவிடுவதில்லை. என்றும் மங்காத தங்கத்தை ஒருவர் இலவசமாகவே அளித்தாலும் இவர் ஏற்கமாட்டார். ஏற்றால், வேறு வேலையின்றி வண்டியை ஓட்ட நேர்ந்துவிடும்.